செயலிகளை நிறுவுவதும் பராமரிப்பதும்: எதை நம்புவது, எதை மறுப்பது?

கேள்வி: தேடலன்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் அண்மையில்தான் ஸ்மார்ட்போனுக்கு மாறியிருக்கிறார். வீட்டில் எல்லாரும் பொதுவாகப் பயன்படுத்தும் டேப்லெட் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது என்பதால் இந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற வாரம் அவருக்கு ஒரு செய்தி வந்தது. விவரங்களை உடனே புதுப்பிக்காவிட்டால் வங்கிக் கணக்கு முடக்கப்படும் என்றும், அதற்கான புதிய செயலி இந்தச் செய்தியோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்றும் அதில் எழுதியிருந்தது. அவர் கோப்பைத் தொட்டதும், அறியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவ முடியாது என்று போன் தடுத்துவிட்டது. "எதை அழுத்தினால் இது திறக்கும்?" என்று என்னிடம் கேட்டார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. கோப்பை அழித்துவிட்டோம்.

பிறகு அவருடைய போனில் உள்ள செயலிகளின் முழுப் பட்டியலையும் உட்கார்ந்து பார்த்தேன். நிறுவியதாக அவருக்கு நினைவே இல்லாத செயலிகள் பல இருந்தன. டார்ச் விளக்குக்கென்று ஒரு செயலி; அதற்குத் தொடர்புகளையும் இருப்பிடத்தையும் பார்க்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. போனைச் சுத்தம் செய்து வேகப்படுத்துவதாகச் சொல்லும் செயலிகளும் இருந்தன. அவற்றில் ஒன்றை நீக்கப் போனால், நீக்கும் பொத்தான் மங்கலாகி, அழுத்தினாலும் வேலை செய்யாமல் கிடக்கிறது.

அதிகாரபூர்வமான ஸ்டோரிலிருந்து மட்டும் பதிவிறக்கினால் போதுமா, அங்கேயும் ஆராய்ந்துதான் எடுக்க வேண்டுமா? செயலி கேட்கும் அனுமதிகளில் எதைக் கொடுக்கலாம், எதை மறுக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? அப்டேட்டுகள் தானாக நடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? நீக்க முடியாத அந்தச் செயலியை என்ன செய்வது? இவற்றையெல்லாம் அப்பாவுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியவன் நான் என்பதால், செய்ய வேண்டியதோடு அதற்கான காரணத்தையும் சேர்த்து எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: கல்தூண்

தேடலன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் தந்தையார் அழுத்துவதற்கு முன் கேட்டார் அல்லவா, அந்தப் பழக்கத்தை எப்பாடுபட்டாவது காப்பாற்றுங்கள். "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது ஒருமுறை சலித்துக்கொண்டால், பெரியவர்கள் மறுமுறை கேட்க மாட்டார்கள். மோசடி செய்பவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் அந்தத் தடையைப் பற்றி. ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில், வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவலாமா கூடாதா என்பதற்குப் போன் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு சுவிட்ச்தான் இருந்தது. ஒரு தேவைக்காக அதைத் திறந்தவர்கள் மூட மறந்தால், அதன் பிறகு எந்த வழியாக எந்தக் கோப்பு வந்தாலும் தடை இருக்காது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் இந்த அனுமதி, கோப்பைக் கொண்டுவரும் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட வேண்டியதாயிற்று. எனவே உலாவி, செய்திச் செயலி, கோப்பு மேலாளர் ஆகிய மூன்றுக்கும் அந்த அனுமதி மூடப்பட்டிருக்கிறதா என்று உங்கள் தந்தையாரின் போனில் இன்றே பாருங்கள். அமைப்புகளில் உள்ள தேடல் பெட்டியில் "அறியாத" அல்லது "தெரியாத ஆப்ஸ்" என்று தேடினால் பெரும்பாலான போன்களில் அந்தப் பக்கம் வந்துவிடும்.

இப்படிச் செய்தியில் வரும் ஏபிகே கோப்புகளை (ஆண்ட்ராய்டுச் செயலியை நிறுவும் கோப்புகளை) இனம்காண உதவும் இன்னொரு குறிப்பையும் சொல்கிறேன். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தோடுதான் வருகிறது. ஏற்கெனவே போனில் இருக்கும் செயலிக்கு அப்டேட் என்று சொல்லிக்கொண்டு வேறொருவர் கையொப்பமிட்ட கோப்பு வந்தால், ஆண்ட்ராய்டு அதைப் பழைய செயலியின் மீது நிறுவ மறுத்துவிடும். ஆகவே "முதலில் உங்கள் வங்கிச் செயலியை நீக்குங்கள், பிறகு இதை நிறுவுங்கள்" என்று யாராவது வழிகாட்டினால், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடனேயே தொலைபேசியை வைத்துவிடலாம்.

அடுத்து, அதிகாரபூர்வ ஸ்டோரில் தேடும்போது கவனிக்க வேண்டியது. பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் இரண்டிலுமே தேடல் முடிவுகளின் மேலே விளம்பரம் வரக்கூடும் என்பதால், முதலில் நிற்பதுதான் நாம் தேடியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உருவாக்குநரின் பெயரைப் பார்ப்பது நல்லது, ஆனால் பெயர் மட்டுமே போதாது. 2017 நவம்பரில் வாட்ஸ்அப்பின் பெயரைத் தாங்கிய போலிச் செயலி ஒன்று பிளே ஸ்டோரிலேயே இடம்பிடித்தது. அதன் உருவாக்குநர் பெயர் உண்மையான நிறுவனத்தின் பெயரைப் போலவே தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து மட்டும் பெயரின் இறுதியில் சேர்க்கப்பட்டிருந்தது. அகற்றப்படுவதற்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பதிவிறக்கப்பட்டுவிட்டது. எனவே உருவாக்குநரின் பெயரைத் தொட்டு, அவர் வெளியிட்ட மற்றச் செயலிகள் எவை, எத்தனை பேர் எவ்வளவு காலமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள். வங்கி, அரசுச் சேவை போன்றவற்றுக்கு இன்னும் எளிய வழி, அந்த நிறுவனத்தின் இணையதள முகவரியை நாமே தட்டச்சு செய்து திறந்து, அங்கே கொடுக்கப்பட்டிருக்கும் இணைப்பின் வழியாக ஸ்டோருக்குச் செல்வது.

மதிப்புரைகளைப் பொறுத்தவரை, சராசரி நட்சத்திர எண்ணிக்கையை நான் பெரிதாக மதிப்பதில்லை. அண்மைத் தேதி வரிசையில் வைத்து, ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பேன். "திடீரென்று முழுத்திரை விளம்பரம் வருகிறது", "நீக்கிய பிறகும் பணம் பிடிக்கிறார்கள்" போன்ற வரிகள் அங்கேதான் இருக்கும்.

பதில்: மறுகரை

கல்தூண் அவர்கள் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஸ்டோரைத் தாண்டி உள்ளே வந்த பிறகு நடப்பதைத்தான் நாம் அதிகம் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஒரு செயலி தீங்கானதா என்ற கேள்வியை ஸ்டோர் ஓரளவுக்கு நமக்காகக் கேட்டுவிடுகிறது. டார்ச் விளக்குக்கு என் நண்பர்களின் தொலைபேசி எண்கள் எதற்கு என்ற கேள்வியை நாம்தான் கேட்டாக வேண்டும்.

ஸ்டோரில் இருக்கும் செயலியும் கெட்டுப்போகும் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன், ஏனெனில் இரண்டும் வெவ்வேறு வழிகளில் நடந்தவை. 2019 ஆகஸ்டில், பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்களைக் கொண்டிருந்த, ஆவணங்களை ஸ்கேன் செய்யும் கேம்ஸ்கேனர் செயலியின் ஆண்ட்ராய்டுப் பதிப்பில் தீம்பொருள் (தீங்கு செய்யும் மென்பொருள்) இருப்பதைக் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்தச் செயலி பல ஆண்டுகளாக நல்ல பெயரோடு இருந்த ஒன்று. விளம்பரம் காட்டுவதற்காக அதில் சேர்க்கப்பட்டிருந்த வெளியார் நிரல் தொகுப்பின் வழியாகத்தான் தீங்கு நுழைந்தது. கூகுள் அதை ஸ்டோரிலிருந்து அகற்றியது. சரிசெய்யப்பட்ட பதிப்பு பின்னர் திரும்பி வந்தது. ஆய்வாளர்கள் அறிவிப்பதற்கு முன்பே பயனர்கள் மதிப்புரைகளில் குறை எழுதத் தொடங்கியிருந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். அண்மை மதிப்புரைகளைப் படிக்கச் சொல்லும் மேலே உள்ள அறிவுரைக்கு இது வலுச்சேர்க்கிறது.

இரண்டாவது, ஐரெக்கார்டர் என்ற திரைப்பதிவுச் செயலி. அது 2021 செப்டம்பரில் பிளே ஸ்டோருக்கு வந்தபோது எந்தத் தீங்கும் இல்லாமல்தான் இருந்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2022 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில், சுற்றுப்புற ஒலியைப் பதிவு செய்து வெளியே அனுப்பும் நிரல் சேர்க்கப்பட்டது. ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2023 மே மாதத்தில் இதை வெளிப்படுத்தியபோது ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை நிறுவியிருந்தார்கள். திரையைப் பதிவு செய்யும் செயலி மைக் அனுமதி கேட்பது நியாயமானதுதான். எனவே எச்சரிக்கையோடு அனுமதி கொடுத்தவர்களும் ஏமாந்தார்கள். இதனால்தான், ஒருமுறை சரிபார்த்துவிட்டோம் என்று விட்டுவிட முடியாது என்கிறேன்.

ஆப்பிள் பக்கமும் முழுக் காப்பு என்று சொல்ல முடியாது. 2015-இல் வெளிப்பட்ட எக்ஸ்கோட்கோஸ்ட் விவகாரத்தில், செயலிகளை உருவாக்கும் எக்ஸ்கோட் மென்பொருளின் கள்ளப் பிரதியைச் சில உருவாக்குநர்கள் ஆப்பிளுக்கு வெளியே இருந்து பதிவிறக்கிப் பயன்படுத்தியதால், அவர்கள் உருவாக்கிய செயலிகள் தீங்கோடு ஆப் ஸ்டோருக்குள் நுழைந்தன. அதிகாரபூர்வமல்லாத இடத்திலிருந்து பதிவிறக்கக் கூடாது என்ற விதி தொழில் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி அனுமதிகள். ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த ஆறாம் பதிப்புக்கு முன்பு, செயலியை நிறுவும்போதே எல்லா அனுமதிகளையும் மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் நிறுவ முடியாது. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்கிறது. மறுத்தாலும் செயலி பெரும்பாலும் இயங்கும். அதனால் என் வழக்கம், முதலில் மறுப்பது. நான் விரும்பும் ஒரு வேலை அந்த அனுமதி இல்லாமல் நடக்காது என்று தெரிந்தால் அப்போது கொடுப்பது. இருப்பிடத்துக்கு "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய எல்லாச் செயலிகளுக்கும் போதும். ஆண்ட்ராய்டு 12-இலும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14-இலும் வந்த வசதியின்படி, துல்லியமான இடத்துக்குப் பதிலாகத் தோராயமான பகுதியை மட்டும் காட்டலாம். வானிலை பார்க்க அதற்கு மேல் தேவையில்லை. ஒரே ஒரு படத்தை அனுப்புவதற்காகப் புகைப்படத் தொகுப்பு முழுவதையும் திறந்துவிட வேண்டிய காலமும் போய்விட்டது. தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுக்க முடிகிறது.

உங்கள் தந்தையாருக்கு விளக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லுங்கள். இணையத்தைப் பயன்படுத்த ஆண்ட்ராய்டுச் செயலிகள் நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. அது தானாகவே கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒரு செயலிக்குத் தொடர்புகளைப் பார்க்கும் அனுமதி கொடுத்தால், அவற்றை வெளியே அனுப்பும் வாய்ப்பையும் சேர்த்தே கொடுத்ததாகத்தான் கொள்ள வேண்டும். அந்தத் தொடர்புகள் நம்முடையவை மட்டுமல்ல, நம்மை நம்பி எண்ணைக் கொடுத்தவர்களுடையவை.

டார்ச் செயலியை யோசிக்காமல் நீக்கிவிடுங்கள். திரையின் மேலிருந்து கீழே இழுத்தால் வரும் பலகையிலேயே டார்ச் இருக்கிறது.

மற்ற எல்லா அனுமதிகளையும்விட நான் அஞ்சுவது நான்கிற்கு: அணுகல்தன்மைச் சேவை, அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, மற்றச் செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதி. அணுகல்தன்மை என்பது பார்வைக் குறைபாடோ இயக்கக் குறைபாடோ உள்ளவர்களுக்காக உருவாக்கப்பட்ட அருமையான வசதி. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை அழுத்தவும் அதனால் முடியும். அதே ஆற்றல் தீயவர் கையில் கிடைத்தால், வங்கிச் செயலியைத் திறந்து, நாம் தட்டச்சு செய்வதைப் பார்த்து, தானே பணம் அனுப்பிவிடவும் முடியும். பணத்தைத் திருடும் தீம்பொருள்கள் விரும்பிக் கேட்கும் அனுமதி இதுதான். 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13, ஸ்டோருக்கு வெளியே செய்திகளிலும் உலாவியிலும் கிடைத்த கோப்புகள் வழியாக நிறுவப்பட்ட செயலிகளுக்கு இந்த அனுமதியையும் அறிவிப்பைப் படிக்கும் அனுமதியையும் எளிதில் கொடுக்க முடியாதபடி தடுக்கிறது. அந்தத் தடையை எப்படி விலக்குவது என்று தொலைபேசியில் பொறுமையாகச் சொல்லித்தருகிறவர் யாராக இருந்தாலும் அவர் நம் நலம் விரும்பி அல்லர். குறுஞ்செய்தி அனுமதியும் அப்படித்தான். செய்திகளையோ அழைப்புப் பட்டியலையோ படிப்பதை அடிப்படை வேலையாகக் கொள்ளாத செயலிகள் அந்த அனுமதிகளைக் கேட்பதைக் கூகுள் 2019 முதல் பிளே ஸ்டோரில் கட்டுப்படுத்திவிட்டது. எனவே ஏதோ ஒரு விண்ணப்பப் படிவச் செயலி உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்க விரும்பினால், அது ஓடிபி எண்ணைத் தேடுகிறது என்று ஐயப்படுவதே முறை.

தொடர்ச்சி: தேடலன்

இருவருக்கும் நன்றி. டார்ச் செயலியை நீக்கிவிட்டேன். உலாவிக்கு மட்டும், வெளியிலிருந்து நிறுவும் அனுமதி முன்பே திறந்திருந்தது, யார் எப்போது கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, மூடிவிட்டேன். நீங்கள் சொன்ன நான்கு அனுமதிகளையும் பார்த்தபோது, நீக்க முடியாத அந்தச் சுத்தம் செய்யும் செயலிக்கு அணுகல்தன்மை திறந்திருப்பது தெரிந்தது. அதை அணைக்க முயன்றால் அமைப்புகளின் பக்கமே தானாக மூடிக்கொள்கிறது. இந்தப் போனில் அப்பாவின் வங்கிச் செயலியும் இருக்கிறது என்பதால் கவலையாக இருக்கிறது.

பதில்: அகல்விளக்கு

தேடலன் அவர்களே, அமைப்புகளின் பக்கம் தானாக மூடிக்கொள்கிறது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு உடனே பதில் எழுதுகிறேன். அணுகல்தன்மையைக் கொண்டு, தன்னை நீக்கப் போகும் கையைத் தடுப்பது தீம்பொருள்களின் அறியப்பட்ட நடத்தை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனாலும் மோசமானதுதான் என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். விமானப் பயன்முறையில் போட்டாலும் சரி, அதன் பிறகு வைஃபை திரும்ப இணைந்துவிடவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போனில் வங்கிச் செயலியைத் திறக்க வேண்டாம், கடவுச்சொல் எதையும் தட்டச்சு செய்யவும் வேண்டாம். வேறொரு போனிலிருந்து, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களை நம்ப வேண்டாம், அவற்றிலும் போலிகள் உண்டு. மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். மின்னஞ்சலை முதலில் மாற்றுவது நல்லது, ஏனெனில் மற்றக் கடவுச்சொற்களை மீட்கும் வழி அதுதான்.

பிறகு போனைப் பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்குங்கள். பல போன்களில், பவர் பொத்தானை அழுத்தினால் திரையில் வரும் "பவர் ஆஃப்" என்பதன் மேல் விரலை வைத்துச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், பாதுகாப்புப் பயன்முறையில் மீண்டும் தொடங்கலாமா என்று கேட்கும். சில நிறுவனங்களின் போன்களில் வழி வேறாக இருக்கும் என்பதால் உங்கள் போனின் மாடலைக் குறிப்பிட்டுத் தயாரிப்பாளரின் உதவிப் பக்கத்தில் பாருங்கள். இந்தப் பயன்முறையில், நாம் நிறுவிய செயலிகள் எதுவும் இயங்காது. அதனால் தடுப்பதற்கு ஆளிருக்காது.

பொத்தான் மங்கலாக இருப்பதற்கு வழக்கமான காரணம், அந்தச் செயலி சாதன நிர்வாகியாகப் பதிவு செய்துகொண்டிருப்பது. தொலைந்த போனைத் தூரத்திலிருந்து பூட்டுவது போன்ற வேலைகளுக்காக ஏற்படுத்தப்பட்ட நிலை அது. அமைப்புகளில் "சாதன நிர்வாகி" என்று தேடி, அந்தப் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள்; அணுகல்தன்மையையும் அப்படியே அணைத்துவிடுங்கள். அதன் பின் நீக்கும் பொத்தானுக்கு உயிர் வரும். நீக்கியதும் வழக்கம் போலப் போனைத் தொடங்கி, பிளே ஸ்டோரில், தீங்கான செயலிகளைத் தேடும் பிளே ப்ரொடெக்ட் பகுதிக்குச் சென்று சோதனையை ஓட்டுங்கள். அது அணைக்கப்பட்டிருந்தால், யார் அணைத்தது என்பதும் ஒரு தடயம். முகப்புத் திரையில் ஐகான் இல்லாமல் ஒளிந்திருக்கும் செயலிகளும் உண்டு. அதனால் எண்ணிப்பார்க்க வேண்டிய இடம் முகப்புத் திரை அல்ல, அமைப்புகளில் உள்ள "எல்லா ஆப்ஸும்" என்ற பட்டியல்.

வங்கிச் செயலி இருக்கும் போன் என்பதால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதோடு நிறுத்த மாட்டேன். படங்களையும் தொடர்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, போனைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிடுவேன். மீட்டமைத்த பின், பழைய காப்புநகலிலிருந்து எல்லாச் செயலிகளையும் மொத்தமாக வரவழைக்கும் யோசனை ஒன்றைப் போன் முன்வைக்கும். அதை ஏற்க வேண்டாம். ஏற்றால் நீக்கியதே திரும்பி வரக்கூடும். தேவையானவற்றை ஒவ்வொன்றாகத் தேடி நிறுவுங்கள். ஒரு மாலைப் பொழுது போகும், ஆனால் அப்பாவுக்கு உண்மையில் எத்தனை செயலிகள் தேவை என்பது அப்போதுதான் தெரியவரும்.

சுத்தம் செய்யும் செயலிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நினைவகத்தை எப்படிப் பங்கிடுவது என்பதை ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் தாமே பார்த்துக்கொள்கின்றன. பின்னணியில் இருக்கும் செயலிகளை வலிந்து மூடினால், அடுத்த முறை அவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குக் கூடுதல் நேரமும் மின்கலமும் செலவாகும். அந்த வகைச் செயலி எதுவும் எந்தப் போனுக்கும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

பதில்: கல்தூண்

அகல்விளக்கு அவர்கள் எழுதியதை வரி பிசகாமல் செய்யுங்கள். நான் விடுபட்ட அப்டேட் கேள்விக்கு வருகிறேன், ஏனெனில் ஐரெக்கார்டர் கதையைப் படித்தவர்கள் "அப்படியானால் அப்டேட்டை நிறுத்திவிடுவதே நல்லது" என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அப்டேட்டால் கெட்டுப்போகும் செயலிகள் மிகச் சில. அப்டேட் செய்யாததால் திறந்துகிடக்கும் பாதுகாப்பு ஓட்டைகளோ மிகப் பல. ஓட்டை அடைக்கப்பட்டது என்ற அறிவிப்பே, அது எங்கே இருந்தது என்பதைத் தாக்குபவர்களுக்கும் சொல்லிவிடுகிறது. ஆகவே தானியங்கு அப்டேட்டைத் திறந்தே வையுங்கள். வைஃபையில் மட்டும் நடக்கும்படி அமைத்துக்கொண்டால் டேட்டாவும் மிஞ்சும்.

ஆபத்தைக் குறைக்கும் வழி, செயலிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். நிறுவியிருக்கும் ஒவ்வொன்றும் நாளை எப்படி மாறும் என்று தெரியாத ஒன்று. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து, சில மாதங்கள் திறக்கப்படாத செயலிகளின் அனுமதிகள் தாமாகவே திரும்பப் பெறப்படுகின்றன. பின்னர் இந்த வசதி ஆண்ட்ராய்டு 6 வரையிலான பழைய போன்களுக்கும் கொடுக்கப்பட்டது. அது நல்ல ஏற்பாடு. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை நாமே பட்டியலைப் பார்த்துத் திறக்காதவற்றை நீக்குவதற்கு அது ஈடாகாது. ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள தனியுரிமை டாஷ்போர்டில், கடந்த 24 மணி நேரத்தில் கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை எந்தச் செயலி எப்போது பயன்படுத்தியது என்பது நேர வரிசையில் இருக்கும். ஐபோனில் இதற்கு இணையானது ஐஓஎஸ் 15.2-இல் வந்த செயலித் தனியுரிமை அறிக்கை. அதை ஒருமுறை இயக்கிவைக்க வேண்டும். திரையின் மேல் ஓரத்தில் தோன்றும் சிறு புள்ளியையும் அப்பாவுக்குக் காட்டுங்கள்: ஆண்ட்ராய்டில் பச்சைப் புள்ளி என்றால் கேமராவோ மைக்கோ இயங்குகிறது; ஐபோனில் பச்சை கேமராவையும் ஆரஞ்சு மைக்கையும் குறிக்கும். யாரோடும் பேசாத நேரத்தில் அந்தப் புள்ளி தெரிந்தால் உங்களிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில்: நெய்தல்

இதுவரை யாரும் தொடாத இரண்டு விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன். செயலியை நீக்குவது வேறு, அதில் திறந்த கணக்கை நீக்குவது வேறு, அதற்குக் கட்டும் சந்தாவை நிறுத்துவது வேறு. ஐகானை அழித்துவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, மாதக்கணக்கில் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரின் உள்ளே, நம் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் "பேமெண்ட்டுகளும் சந்தாக்களும்" என்ற பகுதி இருக்கும். ஐபோனில் அமைப்புகளின் உச்சியில் இருக்கும் நம் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் வரும். உங்கள் தந்தையாரின் கணக்கில் அதை அவசியம் பாருங்கள். சுத்தம் செய்வது, ஜாதகம் பார்ப்பது, படத்தை அழகுபடுத்துவது போன்ற செயலிகளில், இலவச முன்னோட்டம் என்று தொடங்கிச் சில நாட்களில் பெரிய தொகை பிடிக்கும் வகை நிறைய உண்டு. முன்னோட்டத்தைத் தொடங்கிய அன்றே சந்தாவை ரத்து செய்துவிட்டாலும், பெரும்பாலும் அதன் காலம் முடியும் வரை பயன்படுத்த விடுவார்கள்.

கணக்கைப் பொறுத்தவரை, செயலிக்குள் கணக்குத் திறக்க வசதி இருந்தால் அதை நீக்கவும் அங்கேயே வசதி இருக்க வேண்டும் என்று ஆப்பிள் 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுளும் பின்னர் அதே போன்ற விதியைக் கொண்டுவந்து, செயலியைத் திரும்ப நிறுவாமல் இணையம் வழியாகவே கணக்கை நீக்கக் கோரும் வழியும் இருக்க வேண்டும் என்றது. ஆகவே முதலில் கணக்கை நீக்குங்கள், அதன் பிறகு செயலியை. கூகுள் கணக்கைக் கொண்டு உள்நுழைந்திருந்த செயலிகளின் தொடர்பை, கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று தனியாகத் துண்டிக்க வேண்டும்.

இரண்டாவது, அந்தப் பொது டேப்லெட். பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கு அமைக்கலாம். ஒருவருடைய செயலிகளும் கடவுச்சொற்களும் மற்றவருக்குத் தெரியாது. வீட்டில் பயன்படுத்தும் ஐபேடில் அந்த வசதி இல்லை என்பதால், அதில் யாருடைய மின்னஞ்சலையும் வங்கியையும் வைக்காமல் இருப்பதே நல்லது. பிள்ளைகள் எடுத்து விளையாடுவார்கள் என்றால், செயலியை வாங்கவும் செயலிக்குள் எதையாவது வாங்கவும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி அமையுங்கள். பிள்ளைக்கெனத் தனிக் கணக்கு அமைத்து, ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் வழியாகவோ, ஆப்பிளில் குடும்பப் பகிர்வில் உள்ள வாங்குமுன் கேட்கும் வசதி வழியாகவோ, பிள்ளை எதைப் பதிவிறக்க நினைத்தாலும் கோரிக்கை உங்கள் போனுக்கு வரும்படி செய்துவிடலாம். கோரிக்கை வந்தால் உடனே மறுத்துவிடாமல், அருகில் உட்கார்ந்து அந்தச் செயலியின் பக்கத்தைச் சேர்ந்து பாருங்கள். எதை ஏன் மறுக்கிறோம் என்று பார்த்துப் பழகிய பிள்ளை, பின்னாளில் நம்மிடம் கேட்காத இடத்திலும் அதையே செய்யும்.

அமைப்புகளில் "பாதுகாப்புப் புதுப்பிப்பு" என்று எழுதியிருக்கும் இடத்தில் என்ன தேதி இருக்கிறது என்றும் பாருங்கள். டேப்லெட்டுகளைப் பல ஆண்டுகள் வைத்திருப்பது நம் வழக்கம். ஆனால் தயாரிப்பாளர்கள் அத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு அனுப்புவதில்லை. அந்தத் தேதி ஆண்டுக்கணக்கில் பழையதாக இருந்தால், படம் பார்க்கவும் படிக்கவும் அதைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். பணம் தொடர்பான எதையும் அதில் திறக்க வேண்டாம்.

தொடர்ச்சி: தேடலன்

நீங்கள் ஒவ்வொருவரும் நேரமெடுத்து எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. வங்கிக்கு வேறொரு போனிலிருந்து அழைத்துச் சொன்னோம். கணக்கில் சந்தேகத்துக்குரிய பரிமாற்றம் எதுவும் இல்லை என்றார்கள், இணைய வழிச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். பாதுகாப்புப் பயன்முறையில் தொடங்கியதும் சாதன நிர்வாகிப் பட்டியலில் அந்தச் செயலியின் பெயர் இருந்தது. குறியை எடுத்தபின் நீக்க முடிந்தது. அகல்விளக்கு அவர்கள் சொன்னபடி போனை மீட்டமைத்துவிட்டு, அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு தேவையானவற்றை மட்டும் நிறுவினோம். ஒவ்வொரு அனுமதிக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார், நான் காரணத்தை மட்டும் சொன்னேன். சந்தாப் பட்டியலில், நீக்கிய செயலி ஒன்றின் பெயரில் மாதச் சந்தா ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு அதையும் ரத்து செய்துவிட்டோம். டேப்லெட்டின் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதி மிகவும் பழையது. அதிலிருந்த மின்னஞ்சல் கணக்கை எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கான தனிக் கணக்கை இந்த வார இறுதியில் அமைக்கப் போகிறேன்; அதில் ஐயம் வந்தால் இங்கேயே கேட்கிறேன்.